தருவைகுளத்தில் நோயில்லை

எழுதப்படாத நோய் இருக்கிறதா, இல்லையா? செல்லக்கனியின் வாழ்க்கை இதைத்தான் கேட்டது.

தூத்துக்குடியில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் சாத்தான்குளத்துக்காரியான அவள், நோயாளிகளின் பேரும் ஊரும் குறித்துச் சீட்டு எழுதினாள். மகள்களின் கல்யாணம் தடைபடும் என்று பயந்த, கடலுக்குப் போய்ப் பிழைக்கும் தருவைகுளத்துக்காரர்கள், "எங்க ஊரைப் போட்டுராதியக்கா, சாத்தான்குளம்னு எழுதுங்க" என்பார்கள். அவளும் எழுதுவாள். கணக்கைப் பார்த்த டாக்டர், தருவைகுளத்தில் நோயே இல்லை என்று எக்ஸ்ரே வண்டியைச் சாத்தான்குளத்துக்கே அனுப்பினார். தருவைகுளத்தில் சாவு நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஒருவரும் மருந்துக்கு வரமாட்டார்கள் என்று அவள் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் அவளே ரத்தமாக இருமினாள். உடன் வேலை பார்த்த ராஜதுரை சீட்டை எடுத்தான்.

"ஊரு சாத்தான்குளந்தானேக்கா?"

"தருவைகுளம்னு போடுலே."

"நீங்க எப்பம்க்கா கடலுக்குப் போனிய?"

"போடுலே."

தருவைகுளத்துக் கணக்கில் ஏறிய முதல் நோயாளி அவள்தான்.