மெமரி கார்டில் உறுமிய சிறுத்தை

கொல்லிமலைக்குப் போக வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக இருந்த ஆசைக்கு அருவியோ எழுபது கொண்டை ஊசி வளைவுகளோ காரணமில்லை. மான்கள்தான். வேட்டை விலங்குகள் இல்லாமல் போன காடுகளில் மான் பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுவதால், பெரிய மரங்களுக்குப் பின் வாரிசு மரங்களே இல்லாமல் காடு நிற்பதைப் பற்றி இரண்டு வருடமாக வாசித்து வருகிறேன். சில நாடுகளில் ஓநாய்களைக் கூண்டில் கொண்டுவந்து திறந்துவிட்டிருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் நான் ஓநாய்க் கட்சி. என்னோடு வேலை செய்யும் பிரேமா ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, "புத்தகத்துலயே மான் பாத்துட்டு இருக்கறே. எங்க அக்கா ஊட்டுக்கு வந்து பாரு" என்றாள். அக்கா வீடு கொல்லிமலை அடிவாரத்தில். போன செப்டம்பரில் நான்கு நாள் விடுப்பு எடுத்தேன்.

முதல் நாளை மலைக்கு வைத்துக்கொண்டேன். நாமக்கல்லிலிருந்து காலை ஆறு மணிக்குச் செம்மேடு பஸ். சுமார் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். வயிறு புரட்டுபவர்கள் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் நிற்கும்போது ஒன்றும் சாப்பிடாமல் இருப்பது நல்லது. நான் இரண்டு போண்டா சாப்பிட்டேன், நாற்பதாவது வளைவில் வருந்தினேன். அதற்கு மேல் மேகம். ஜன்னலுக்கு வெளியே மரங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி, பஸ் திரும்பியதும் கரைந்தன. முன் இருக்கையில் ஒருவர் மடியில் வைத்திருந்த அன்னாசிப்பழத்தின் வாசனை மட்டும் எந்த வளைவிலும் மாறாமல் கூடவே வந்தது.

செம்மேட்டில் ஒரு ஆட்டோ பிடித்தேன். குண்டூர் நாடு என்கிற மலைக் கிராமங்கள் பக்கம் போய்வர நானூறு ரூபாய். ஓட்டுநர் முருகேசன் அந்தப் பக்கத்துக்காரர். மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லிக் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடுபனி, ஈர இலை மணம், எங்கோ ஒரு பறவை. வேறு எதுவும் இல்லை.

"என்னங்க தேடறீங்க?"

"மான் இருக்குமான்னு."

"மானா? அதெல்லாம் கீழ கடலை திங்கப் போயிருச்சுங்க. இங்க இருந்து என்ன பண்றது, மிளகையா திங்கும்?"

மதியமே பஸ் ஏறிக் கீழே இறங்கினேன். காளப்பநாயக்கன்பட்டிக்கும் பேளுக்குறிச்சிக்கும் இடையில் ஓரிடத்தில் இறங்கி, ஒரு கிளைச்சாலையில் நடந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் கிலோமீட்டரும் கூகுள் மேப் குறியும் கொடுப்பேன். இந்த முறை கொடுக்கப் போவதில்லை. ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது தெரியும்.

பிரேமாவின் அக்கா பெயர் மல்லிகா. அவர் கணவர் தங்கராசு. மகள் கோகிலா பத்தாவது படிக்கிறாள், செல்லமாக ஒரு கிடாக்குட்டி வளர்க்கிறாள். மலை நேராக எழும்பும் இடத்தில் முடிகிறது அவர்கள் தோட்டம். ஒரு ஏக்கர் நிலக்கடலை, அதை ஒட்டி மரவள்ளி. கடலையில் பாதிக்குமேல் நுனி கறித்த செடிகள். தோட்டத்தின் நடுவே ஒரு கம்பம், அதில் வாளி அளவுக்கு, பேட்டரியில் ஓடும் ஒரு ஒலிபெருக்கி.

"அதென்னக்கா?"

"அதா கண்ணு? எங்க ஊட்டுக்காரரு சிறுத்தயப் பொட்டியில அடைச்சு வாங்கியாந்தாரு."

தங்கராசு சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டார். மெமரி கார்டிலிருந்து சிறுத்தை உறுமியது. ரம்பத்தால் மரம் அறுப்பதுபோல ஒரு குரல், நிமிடத்துக்கு ஒரு முறை. முதல் வாரம் மான்கள் தலைதெறிக்க ஓடினவாம். மூன்றாவது வாரத்தில் ஒரு குட்டி வந்து கம்பத்து நிழலிலேயே படுத்துக்கொண்டதாம்.

"சிறுத்த தாலாட்டுப் பாடுதுன்னு நெனச்சுக்கிச்சு" என்றார் மல்லிகா. "காசு குடுத்து மானுக்குப் பாட்டு வெச்ச ஆளு இவர் ஒருத்தருதான்."

அன்று மாலை நானே பார்த்தேன். வெளிச்சம் மங்கி, மலை நீலமாகி, கடலைச் செடிகளுக்குமேல் மெல்லிய பனி தவழ்ந்த நேரம். ஒவ்வொன்றாகப் புள்ளிமான்கள் இறங்கி வந்தன. எண்ண முயன்று விட்டுவிட்டேன். பெட்டி உறுமியது; ஒரு ஆண் மான் கொம்பை மட்டும் அசைத்துவிட்டு மேய்ந்தது. என் வாழ்நாளில் பார்த்த அழகான காட்சிகளில் ஒன்று அது. என் பக்கத்தில் மல்லிகா அக்கா மான்களை விரட்டக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கடலைதான் கோகிலாவின் பதினொன்றாம் வகுப்புச் செலவு. மான்கள் அதை மேய்வதைத்தான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு மாதமாக.

இரண்டாம் நாள் மாலை மான் வரவில்லை. ஒன்றுகூட. பெட்டியின் உறுமல் காலித் தோட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. மலைச்சரிவிலிருந்து கூர்மையாக ஒரு மான் கத்தியது, ஒரே இடத்திலிருந்து, திரும்பத் திரும்ப. தங்கராசு எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

மூன்றாம் நாள் காலை வாய்க்கால் ஓரச் சேற்றில் தடம். உள்ளங்கை அகலம், வட்டமாக, நகக்குறி இல்லாமல். நாயாக இருந்தால் நகம் பதிந்திருக்கும். கைபேசியில் ஒரே ஒரு படம் எடுத்தேன். நிமிர்ந்தபோது தங்கராசுவின் தம்பி சின்னசாமி நின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டம் அவருடையது. பதினோரு வெள்ளாடுகள், அவற்றை நம்பித்தான் அவர் பிழைப்பு.

"அந்தப் படத்த எனக்கு அனுப்புங்க அம்மிணி. ஆபீசுல காட்டிக் கூண்டு கேக்கோணும்."

"அனுப்பாத கண்ணு" என்றார் மல்லிகா.

"ஏனுங் நங்கை?" அண்ணன் மனைவியை இங்கே நங்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள். "ஆடு போகட்டுங்கறீங்களா?"

"மான் என் வெள்ளாமையத் திங்கறப்ப நீ கூண்டு கேக்கலையே தம்பி? நேத்து ஒரு நாளுதான் என்ர செடி முழுசாத் தூங்குச்சு."

"கடலை போனா அடுத்த வெதப்புப் பட்டத்துக்குப் போட்டுக்கலாம். ஆட்டுக்கு என்ன பட்டம்?"

மல்லிகா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ள. சொல்லு."

சொன்னேன். வேட்டை விலங்கு எல்லா மானையும் தின்பதில்லை. அது இருக்கிறது என்ற பயத்தில் மான் ஓரிடத்தில் நின்று மேயாது, நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில்தான் செடி எழும்புகிறது. இதற்காகவே சில நாடுகளில் கொண்டுவந்து விடுகிறார்கள்.

"கொண்டாந்து உடறாங்களா?" சின்னசாமி சிரித்தார். "உங்க ஊட்டுப் பின்னாடி உடச் சொல்லுங்க, நானும் வந்து பாக்கறேன்."

எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போதுதான் கோகிலா புத்தகப் பைக்கட்டோடு வெளியே வந்தாள். பஸ் நிறுத்தத்துக்கு அவள் தினமும் தனியாகப் போகும் பாதை அந்த வாய்க்கால் ஓரமாகத்தான் போகிறது. மல்லிகாவின் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். அன்று தங்கராசு வேலைக்குப் போகாமல் அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டார்.

பத்து மணிக்குள் மாடுகள் மிதித்துத் தடம் அழிந்தது. மிஞ்சியது என் கைபேசியில் இருந்த படம் மட்டும். மல்லிகாவும் சின்னசாமியும் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் நாளைக்குப் போகிறவள். எனக்கு ஆடும் இல்லை, கடலையும் இல்லை, அந்தப் பாதையில் நடக்கும் மகளும் இல்லை. படத்தை மல்லிகா அக்காவின் எண்ணுக்கு அனுப்பிவிட்டு என்னிடமிருந்ததை அழித்தேன்.

"உங்க தோட்டம் அக்கா" என்றேன்.

மல்லிகா அக்கா வெகுநேரம் மாட்டுத் தொழுவத்திலேயே, அவர்கள் பேச்சில் மாட்டுச் சாலையிலேயே, உட்கார்ந்திருந்தார். மதியம் அவரே சின்னசாமியைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே வனக்காவலருக்குப் படத்தை அனுப்பிப் பேசினார். வந்து பார்க்கிறேன், அந்தி சாய்வதற்குள் ஆடுகளை அடைத்துவிடுங்கள், தனியாக நடக்காதீர்கள் என்று அவர் சொன்னாராம்.

"கூண்டுங்க?" என்றார் சின்னசாமி.

"கடலை பறிக்கற வரைக்கும் கேக்காத தம்பி. என்ர மாட்டுச் சாலைக்குச் செவுரும் இருக்குது, கதவும் இருக்குது. உன் ஆட்டை ராத்திரி அங்க அடைச்சுக்க. மாடு வெளிய நிக்கட்டும், அது பெருசு. அதையும் மீறி ஒண்ணு போச்சுன்னா நான் ஆட்டுக்கு ஆடு தாரேன்."

"மாட்டுச் சாலையெல்லாம் நாறிப்போகுமுங்க நங்கை."

"இப்ப மட்டும் மல்லிகைப்பூவாட்ட மணக்குதாக்கும்."

"புள்ளைக்கு?" என்றார் தங்கராசு. அவருக்குத் தினமும் காலையில் வண்டி எடுக்க முடியாது. ஐந்து மணிக்கே கட்டட வேலைக்குப் போக வேண்டும்.

இதற்குப் பதில் கோகிலாவிடமிருந்து வந்தது, மாலையில் பள்ளி விட்டு வந்ததும். கம்பத்திலிருந்து பெட்டியைக் கழற்றினாள். "நெசச் சிறுத்தயே வந்தாச்சு. இனி எதுக்கு டூப்பு?" மெமரி கார்டில் இருந்த உறுமலை அழித்துவிட்டுத் தன் கைபேசியிலிருந்து எதையோ ஏற்றினாள். சுவிட்சைப் போட்டதும் மல்லிகா அக்காவின் குரல் தோட்டம் முழுக்க முழங்கியது: "ஏ கோகிலா, இன்னும் தூக்கமா? வெடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! அந்தப் போனை மொதல்ல கீழ வெய்யி!"

"எப்படீ இதப் புடிச்சே?" என்று அக்கா துரத்தினார். சின்னசாமி சிரித்துச் சிரித்து இருமினார். "இதக் கேட்டா சிறுத்த சேலம் தாண்டிருமுங்க."

நான்காம் நாள் விடிகாலை நாங்கள் மூவரும் நடந்தோம்: மல்லிகா அக்கா, கோகிலா, நான். ஆளுயரத்துக்குப் பனி. கோகிலாவின் தோளில் பெட்டி. அம்மாவின் வசவு எங்களுக்கு முன்னால் பனிக்குள் போய்க்கொண்டிருந்தது. கடலைச் செடிகள் எல்லாம் முழுசாக நின்றன, இலை நுனிகளில் நீர். பாதி வழியில் சரிவிலிருந்து ஒரு மான் கத்தியது. நின்றோம். மேலே எதுவோ நம்மைப் பார்க்கிறது என்று தோன்றியது; நிச்சயமாகத் தெரியாது. இத்தனை வருடம் புத்தகத்தில் வாசித்த பயம் என் முதுகில் ஊர்ந்தது. கோகிலா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். நடந்தோம். பஸ் வந்தது.

ஐப்பசிக் கடைசியில் அக்கா போன் செய்தார். "கடலை பறிச்சாச்சு கண்ணு. நல்லாத் தேறிருச்சு."

"ஆடெல்லாம்?"

"ஒண்ணு போச்சு. மேயப் போன எடத்துல. கோகிலா ஒரு கிடாக்குட்டி வளர்த்தாளே, அதக் கொண்டுபோய்க் குடுத்துட்டோம். அவளேதான் புடிச்சுக்கிட்டுப் போனா. ரெண்டு நாள் எங்கிட்டப் பேசல."

"சின்னசாமி கூண்டு கேட்டாரா?"

"கடலை பறிச்சாச்சே, கேளு தம்பின்னு நானே சொன்னேன். குட்டியக் கையில வாங்கிட்டு, 'அடுத்த பட்டம் என்ன போடறீங்க நங்கை'ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். கூண்டுப் பேச்சே எடுக்கல."

மான்களுக்கு வேட்டை விலங்கு வேண்டும் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் அதை இனி எழுதும்போதெல்லாம், யாருடைய கிடாக்குட்டி என்ற கேள்வியைச் சேர்த்தே எழுதுவேன். காடு திரும்பி வருவதன் செலவை அடிவாரத்தில் இருக்கும் இரண்டு வீடுகள் மட்டும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்வது நியாயமாகத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: செப்டம்பர், அக்டோபரில் மேலே நல்ல பனி, ஸ்வெட்டர் வேண்டும். சனி, ஞாயிறு தவிர்த்தால் பஸ்ஸில் ஜன்னல் இருக்கை கிடைக்கும். பேளுக்குறிச்சி வாரச் சந்தையில் மிளகு வாங்குங்கள். அடிவாரச் சாலையில் அந்திக்குப் பிறகு வண்டியை மெதுவாக ஓட்டுங்கள், மான் குறுக்கே வரும். அந்தக் கிளைச்சாலை எது என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். தற்செயலாக அதில் நடக்க நேர்ந்து, பனிக்குள்ளிருந்து ஒரு அம்மா திட்டுவது கேட்டால், ஒதுங்கி வழிவிடுங்கள். ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள்.