தர்லோ பார்த்துவைத்த மாப்பிள்ளை

பிரான்சில் மன்னனின் தலை உருண்ட ஆண்டில், சஃபோக் மாவட்டத்து ஒரே கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியான ஹார்க்வெல் பங்கில் கெசியா பிளம்முக்கு வயிறு தெரியத் தொடங்கியது. கல்யாணமாகாதவள். பெற்றோர் இல்லை. சிறுமியாக இருந்த நாள் முதல் தர்லோ பண்ணையில் மாடு கறந்தவள்.

எங்கள் பங்கில் இதற்கென்று ஒரு நடைமுறை இருந்தது. ஏழைகளின் செலவு பங்கின் வரியிலிருந்து போக வேண்டும். ஆகவே வரி வசூலிக்கும் கண்காணி, இப்படிப்பட்ட பெண்ணை உடனே நீதிபதி முன் இழுத்துப்போய், சத்தியம் வாங்கி, தகப்பன் பெயரைச் சொல்லவைப்பார். பெயர் கிடைத்தால் செலவு அவன் தலையில். பிரசவ வலியில் துடித்தவளிடமும் கேட்டிருக்கிறார்கள்.

கெசியாவிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு கண்காணி, அவளுடைய எசமான் ஆம்ப்ரோஸ் தர்லோ. கிழவிகளுக்குக் கொடுக்கும் விறகைக்கூட எண்ணிக் குறைப்பவர், அவளுக்குப் பன்றி உப்புக்கண்டம் அனுப்பினார்.

“தர்லோவா குடுத்தான்? அடியே, அந்தப் பன்னி சீக்குல செத்திருக்கும். மோந்து பாத்தியா?” என்றாள் கூட மாடு கறக்கும் டார்கஸ்.

“பாத்தாச்சு. பன்னி நல்லாத்தான் இருக்கு. மனுஷன்கிட்டதான் ஏதோ நாறுது.”

அடுத்த வாரம் தர்லோவே தொழுவத்துக்கு வந்தார். “உனக்கு ஒரு மாப்பிள்ளை பாத்திருக்கேன், பொண்ணே. ரூபன் கேசல்னு பேரு. புள்ளைக்கு ஒரு அப்பன் வேணாமா?”

“நீங்க எதுக்கு எசமான் இவ்வளவு சிரமப்படுறீங்க?”

“கிறிஸ்தவனோட கடமைம்மா.”

ஞாயிறன்று கோயிலில், மூன்று வாரம் வாசிக்கும் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தார்கள். ‘இந்தப் பங்கைச் சேர்ந்த ரூபன் கேசல்’ என்றார் பாதிரியார். ரூபன் பக்கத்துப் பங்கான வெஸ்ட்மியர்க்காரன் என்பது ஊருக்கே தெரியும். சில வாரங்களாகத் தர்லோவின் வைக்கோல் பரணில் படுத்திருந்தான், அவ்வளவுதான். இந்தப் பொய் எதற்கு? கெசியா நேரே பரணுக்குப் போனாள்.

“ஏன்யா, நீ எப்ப எங்க பங்குக்காரன் ஆன?”

“இந்த வைக்கோல்ல படுத்த அன்னைக்கு. வெஸ்ட்மியர்ல ஓலை வாசிச்சா எங்காளுங்க சண்டைக்கு வந்துடுவாங்கன்னு உங்க எசமான் சொன்னாரு.”

“எதுக்குச் சண்டை?”

“மோதிரம் போட்டதும் நீ எங்க பங்கு ஆளும்மா. நீயும் வயித்துல இருக்கிறதும் அவங்க செலவு. எனக்கு ஏது வீடு? நேரா ஏழைகள் விடுதிதான்.”

“இதுல உனக்கு என்ன லாபம்?”

அவன் காதைச் சொறிந்தான். “அவரு நிலத்துல ஒரு முயலைப் பிடிச்சுட்டேன். இதுக்கு ஒத்துக்கிட்டா கேஸை அமுக்கிடுறேன்னாரு.”

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேட்கப்படாத அந்தப் பெயர் ஹம்ஃப்ரி தர்லோ, எசமானின் மகன். மோதிரம் ஏறினால் அவளும் ஊரை விட்டுப் போவாள், பெயரும் அவளோடு போகும்.

பாதிரியாரிடம் முறையிட அவள் போகவில்லை. ஞாயிறுதோறும் அவர் சாப்பிடுவது தர்லோ வீட்டில். ஆனால் தர்லோ ஒரு தவறு செய்திருந்தார். காசு கொடுத்துத் தனி அனுமதிச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு காலையில் சத்தமின்றி முடித்திருக்கலாம். கருமித்தனத்தால் ஓலை போதும் என்றுவிட்டார். ஓலை வாசித்தால், தடை உண்டா என்று சபையைக் கேட்டே ஆக வேண்டும். யாரும் வாய் திறந்ததாக எங்கள் ஊரில் நினைவில்லை.

மூன்றாம் ஓலை வாசித்துப் பாதிரியார் கேட்டதும் கெசியா எழுந்தாள்.

“தடை இருக்கு, ஐயரே.”

“நீ மணப்பெண்! நீ எப்படித் தடுப்பாய்?”

“சம்மதமான்னு என்னை ஒருத்தரும் கேக்கல. இப்ப நீங்கதான் கேட்டீங்க, சொல்றேன். எனக்குச் சம்மதமில்ல. மாப்பிள்ளை இந்தப் பங்கும் இல்ல. புள்ளையோட அப்பா அதோ, தர்லோ வீட்டாரோட கதவு போட்ட இருக்கைக்குள்ள குனிஞ்சு எதையோ தேடுறாரு.”

“ரூபா, இந்த முயல் தப்பிச்சிடுச்சுடா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோயில் சிரிப்பில் அதிர்ந்தது.

பாதிரியார் புத்தகத்தை மூடினார். தர்லோவின் பேரனுக்கு நாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று மற்ற பண்ணைக்காரர்கள் கிளம்பி, அவளை நீதிபதியிடம் அழைத்துப் போனார்கள். நியாயத்தின் மேல் அவர்களுக்குத் திடீர்க் காதல் ஏதும் வந்துவிடவில்லை, பணப்பையின் மேல் இருந்த பழைய காதல்தான். ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்த ஹம்ஃப்ரிக்கு வாரம் ஒரு சிறு தொகை கட்ட உத்தரவு. பசிக்கு முயல் பிடித்த ரூபனுக்குச் சிறை. சட்டம் என்று இதைத்தான் சொன்னார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் முடிந்து பாதிரியார் பதிவேட்டில் எழுதினார். கெசியாவுக்குப் படிக்கத் தெரியாது.

“என்ன எழுதினீங்க? சத்தமாப் படிங்க.”

“டிரைஃபினா, கெசியா பிளம்மின் மகள், முறை தவறிப் பிறந்தவள்.”

“அவ எந்த முறையையும் தவறல ஐயரே. அப்பா பேரு எங்க?”

“அதை எழுதும் வழக்கமில்லை.”

“நீதிபதி எழுதினாரே?”

“அது கோர்ட். இது கோயில்.” மை காய அவர் மணலைத் தூவினார். “சரி, நீ போகலாம்.”

“எங்க போறது? இது என் பங்கு” என்று சொல்லிவிட்டு, கெசியா குழந்தையோடு, பண்ணைக்காரர்கள் உட்காரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.