தடிமனுக்குக் கொடுத்த குளிசைகள்

மூக்கடைக்கும் தடிமனுக்கு மருந்து குடித்தால் ஒரு கிழமையில் மாறும், குடிக்காவிட்டால் ஏழு நாளில் மாறும். யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரியாக இருந்த காலத்தில் இதை வாய் ஓயாமல் சொன்னேன். யார் கேட்டார்கள்? வீட்டிலிருந்து வெறும் போத்தலோடு வந்து நிற்பார்கள். இருமல் மருந்தை ஊற்றிக் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். “உந்தத் தண்ணி வேண்டாம், புதுக் குளிசை தாருங்கோ” என்பார்கள்.

அது சல்பாக் குளிசை. நியுமோனியாவில் சாகக் கிடந்தவர்களை அது எழுப்பி உட்கார வைத்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன். தடிமனை அது ஒன்றும் செய்யாது. இரண்டாம் உலக யுத்த காலம், கப்பல் ஒழுங்காக வராது. எங்கள் டிஸ்பென்சரிக்கு எப்போதாவது ஒரு சின்னத் தகரப் பேணி வரும். முடிந்தால் அடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு தை மாதக் காலையில் என் அக்கா வந்தாள். மூக்கு ஒழுகியது, தொண்டை கட்டியிருந்தது, அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை. குழாய் வைத்துப் பார்த்தேன், நெஞ்சு சுத்தம்.

“அக்கா, உது வெறும் தடிமன். மல்லி அவிச்சுக் குடியுங்கோ.”

“மல்லி அவிக்கச் சொல்லவோ நீ அப்போதிக்கரிக்குப் படிச்சனி? ஊர்ச்சனத்துக்கெல்லாம் குடுக்கிறாய், கூடப்பிறந்தவளுக்கு இல்லையோ?”

அம்மா செத்த பிறகு எனக்குச் சோறு தீத்தியவள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், ஆடியது. பேணியில் மிஞ்சியிருந்த இருபது குளிசைகளையும் கடதாசியில் சுற்றிக் கொடுத்தேன். கொடுத்தால் முழுதாகக் கொடுக்க வேண்டும், அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது என்று படித்திருந்தேன். அந்தப் படிப்பை மட்டும் சரியாகக் கடைப்பிடித்தேன், மடையன்!

மூன்றாம் நாள், புகையிலைத் தோட்டமொன்றில் கூலிவேலை செய்யும் ஒருவன் தன் மனைவியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தான். உடம்பு கொதித்தது. விலாவில் குத்து. துருப்பிடித்த நிறத்தில் சளி. இது தடிமன் இல்லை, நியுமோனியா என்று சொல்லக் குழாய்கூடத் தேவையில்லை. பேணி வெறுமை என்று தெரிந்துகொண்டே அதைத் திறந்து பார்த்தேன்.

மானிப்பாய்ப் பெரிய ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டில் பிடிக்க ஆளனுப்பிவிட்டு, சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் பறந்தேன். மூன்று நாளில் இருபதையும் விழுங்கியிருக்க மாட்டாள், கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும் என்று நம்பினேன்.

அக்கா முற்றத்தில் அவித்த பனங்கிழங்கைப் புழுக்கொடியலுக்குக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தடிமன் போன இடம் தெரியவில்லை.

“குளிசை எங்கை அக்கா?”

“அதை நான் ஏன் தின்னுவான்? மகனுக்குப் பார்சலிலை வைச்சு அனுப்பிப்போட்டன். கொழும்பிலை தனிய இருக்கிற பிள்ளை, ஏதும் வந்தால் ஆர் பாக்கிறது?”

எங்கள் சனத்தின் பழக்கம் இது. எது அருமையாகக் கிடைக்கிறதோ, அது கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைக்கு. எள்ளுருண்டைக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் என் இருபது குளிசைகளும் ரயிலேறிவிட்டன.

“உங்களுக்கென்ன விசரே! அங்கை ஒருத்தி சாகக் கிடக்கிறாள்!”

“ஏனடா என்னிலை பாயிறாய்? தந்தது நீதானே?”

நான்தான். வெறுங்கையோடு சைக்கிளைத் திருப்பினேன்.

வண்டில் மானிப்பாயை எட்டுமுன்னரே அவளுடைய மூச்சு நின்றுவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் அவள் புருஷன் டிஸ்பென்சரிக்கு வந்தான். சண்டைக்கு வருகிறான் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவன் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, “ஐயா, என்ரை மனிசிக்காக நீங்கள் சைக்கிளிலை மருந்து தேடி ஓடினதை மறக்கமாட்டன்” என்று கும்பிட்டான். குளிசைகள் போன இடத்தைச் சொல்லவில்லை. கோழைப் பயல் நான், கும்பிட்டதை வாங்கிக்கொண்டேன்.

அதே கிழமை மருமகனிடமிருந்து கடிதம் வந்தது. “அன்புள்ள மாமா, பார்சல் கிடைத்தது. எனக்குக் காய்ச்சல், தடிமன் என்று ஒரு வருத்தமும் இல்லை. குளிசைகளை மேசை லாச்சிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். அங்கே யாருக்காவது தேவைப்பட்டால் எழுதுங்கள், உடனே அனுப்பிவிடுகிறேன்.”