எங்க மாடி காலியா கீது

தட்டு சுகு செத்துப்போய்விட்டான்.

எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. காலையில் காபியோடு பேஸ்புக்கைத் திறந்தால் தினேஷ் போட்டிருக்கிறான்... "ஆழ்ந்த இரங்கல், லெஜண்ட்." லெஜண்டாம். அதுவும் தினேஷ் வாயிலிருந்து!

சுகுமார். பம்மல்காரன். எங்கள் ராக் பேண்டில் பாட்டு, கிட்டார் இரண்டும் அவன்தான். நான் டிரம்ஸ். பேண்ட் பெயர் 'லேண்டிங் பர்மிஷன்'. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

செத்துவிட்டான் என்பதற்காகப் பொய் சொல்ல மாட்டேன். அவனுக்குச் சுருதி நிற்காது. மேலே போனால் குக்கர் விசில்தான். ஆனால் அவன் மாதிரிப் பாட்டுக் கட்ட எங்களில் ஒருத்தனுக்கும் வராது.

எல்லாமே பறக்கும் தட்டுப் பாட்டு.

காலேஜ் படிக்கும்போது ஒரு சாயங்காலம், மொட்டை மாடியில் நின்றவன் குன்றத்தூர் பக்கம் மூன்று விளக்குகள் வானத்தில் அசையாமல் நின்றதைப் பார்த்தானாம். பிறந்து வளர்ந்ததெல்லாம் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில்... இறங்குவதற்கு வரிசையில் வரும் பிளைட் நம் முகத்துக்கு நேரே வந்தால் நிற்கிற மாதிரிதான் தெரியும் என்பது பம்மலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவனுக்கு மட்டும் தெரியாது.

"பிளைட்டுன்னா சத்தம் வர்ணும்ல மச்சான்? சத்தமே இல்லடா. அப்டியே நின்னுகினு என்னியே பாக்குது."

அந்த வாரமே எங்கிருந்தோ ஒரு பழைய கிட்டாரைப் பிடித்துக்கொண்டு வந்தான். அவர்களுக்குத் தமிழும் புரியாது, இங்கிலீஷும் புரியாது, கிட்டார் புரியும் என்றான். அப்புறம் எதற்கடா வரி எழுதுகிறாய் என்று கேட்டால் முறைப்பான்.

அவனுடைய பெரிய பாட்டு இதுதான்: "இறங்கிக்கோ, இறங்கிக்கோ... எங்க மாடி காலியா கீது."

நான் வேகமாக அடித்தால் அவனுக்கு ஆகாது. "இன்னாடா இப்டி அடிக்கிற? மெதுவா அடி. பயந்து ஓடிடப் போறாங்க." எனக்கு வரும் கோபத்துக்கு அளவே இருக்காது. உலகத்திலேயே வேற்றுக்கிரகத்துக்காரனுக்குப் பயந்து மெதுவாக அடித்த ராக் டிரம்மர் நான் ஒருத்தன்தான்.

பிராக்டிஸ் எல்லாம் மூடிப்போன ஒரு தோல் கம்பெனியின் தகர ஷெட்டில். நாற்றம் குடலைப் பிடுங்கும். தலைக்கு மேலே பிளைட் போனால் ஒரு மண்ணும் கேட்காது. சுகு கையைத் தூக்குவான். எல்லோரும் நிறுத்துவோம். அவன் தகரத்தையே அண்ணாந்து பார்ப்பான். சத்தம் போனதும் கையை இறக்குவான், விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.

இப்படியே பழகிப் பழகி, அந்த நிறுத்தம் பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. எங்களுக்கே தெரியவில்லை.

தெரிந்தது மேடவாக்கத்தில். தினேஷ் என்னோடு நாவலூர் ஆபீசில் வேலை பார்க்கிறவன். அவன் அப்பார்ட்மெண்ட் பொங்கல் விழாவில் சான்ஸ் வாங்கிக் கொடுத்தான். வெளியே நாங்கள் வாசித்த முதல் மேடை.

அங்கே தலைக்கு மேலே பிளைட் கிடையாது. ஆனாலும் பாட்டு நடுவில் சுகு கையைத் தூக்கினான். நாங்களும் கப்பென்று நிறுத்திவிட்டோம்.

பாட்டு முடிந்தது என்று ஜனங்கள் கைதட்டினார்கள். மைக் பிடித்திருந்த அம்மா மேடை ஏறி, "அடுத்ததா கோலப் போட்டி பரிசு..." என்று ஆரம்பித்துவிட்டார். சுகு அவர் பக்கத்திலேயே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பிறகு கையை இறக்கி, "இறங்கிக்கோ" என்று விட்டான் பாருங்கள் ஒரு கத்தல்... அந்த அம்மா மைக்கைக் கீழே போட்டுவிட்டார்.

பொங்கல் தட்டோடு உட்கார்ந்திருந்த ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. தினேஷ் போனில் எடுத்துக்கொண்டே, "என்ன தட்டு, வண்டி வந்துடுச்சா?" என்று கத்தினான். சுகு கடைசி வரி வரைக்கும் பாடினான். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை.

அந்த வீடியோ இன்னும் தினேஷ் பேஜில் இருக்கிறது. சுகுவின் ஆபீசில் அதைத்தான் அவன் பிறந்தநாளுக்குப் போட்டுக் காட்டினார்களாம். "எடுத்துடச் சொல்லு மச்சான், பேஜாரா கீது" என்று என்னிடம் சொன்னான். தினேஷிடம் எத்தனையோ முறை கேட்டேன். "செம வியூஸ்டா, விடு" என்பான்.

நேற்றுக் காலை தண்ணீர் கேனோடு மாடிப்படி ஏறியவன் நடுவில் உட்கார்ந்தானாம். எழுந்திருக்கவில்லை. இன்று காலையிலேயே எடுத்துவிட்டார்கள். நான் போவதற்குள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹேமாவிடம் பாட்டுகளைக் கேட்டேன். அவன் மனைவி. எல்லாப் பாட்டையும் சுகு தன் போனில்தான் பாடி வைத்திருந்தான். ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால் வரமாட்டான், சத்தம் வெளியே போகாத ரூமில் பாடினால் மேலே கேட்காதாம். யாருக்கும் அனுப்பவும் மாட்டான்... இன்னும் சரியாக வரவில்லை என்பான்.

"லாக் தெரியலண்ணா. நாலு பேருக்குச் சொல்லணும்னு நம்பர் எடுக்கத் தம்பி ஒரு ரிப்பேர் கடையில குடுத்தான். எல்லாம் அழிஞ்சுதான் தொறந்துச்சு. நம்பரும் போச்சு. உங்களுக்குக்கூடச் சொல்ல முடியல."

அவளை என்னவென்று சொல்வது? அந்தப் போனையே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்து பார்த்தால் தினேஷ் மெசேஜ். "மச்சான், செத்தவன் வீடியோ வெச்சிருந்தா நல்லா இருக்காது. இன்னைக்கு நைட் தூக்கிடறேன். ஹாப்பியா?"

டேய் தினேஷ். போன் பண்ணிப் பார்த்தேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

தூக்காதே. கையெடுத்துக் கும்பிடுகிறேன். உன் கத்தல், அந்தச் சிரிப்பு எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவன் குரல் இப்போது அதில் மட்டும்தான் இருக்கிறது.

போய் வாடா சுகு... மெதுவாகவே அடிக்கிறேன்.