‘ரெண்டு மணி’யின் நகல்கள்

கண்ணை மூடிக்கொண்டு மவுஸை உருட்டுகிறார். எங்கே நிற்கிறதோ அந்தக் கோப்பைத் திறந்து, நகல் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஹெட்போனில் மூன்றே விநாடி கேட்டுவிட்டு மூடுகிறார்.

“அதுக்கு மேல கேட்டா ஒட்டுக் கேக்குறதுங்க.”

தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் பேச முடியாமல் போகக்கூடியவர்கள், முன்கூட்டியே தங்கள் குரலைப் பதிந்துவைக்கும் மருத்துவமனை அது. பதிவுகள் கிளவுட் சர்வரில் இருக்கின்றன. தினமும் மதியம் இரண்டு மணிக்கு இன்னொரு சர்வரில் அவற்றுக்குத் தானாக நகல் எடுக்கும் ‘ஸ்கிரிப்ட்’ என்ற சிறு நிரலை எழுதியவர் இவர். நர்ஸுகள் இவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டு மணி’. மனைவி ஊருக்குப் போனால்கூட டிக்கெட்டை இரண்டு பிரதி எடுத்துக் கொடுப்பார்.

“என்னையும் ஒரு காப்பி எடுத்து வச்சுக்கோங்க. நான் அம்மா வீட்டுலயே நிம்மதியா இருந்துக்கிறேன்” என்பாராம் அந்த அம்மாள்.

நகல் அசலைப் போலவே இருக்க வேண்டும் என்பதில் அவருக்குப் பெருமை. “இங்க ஒரு புள்ளி மாறினா அங்கயும் மாறிடும்.”

நான் போயிருந்த அன்று, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பதிவறைப் பெண் ஓடி வந்தாள்.

“அண்ணே, வேண்டாத ஃபோல்டர்னு நினைச்சு அழிச்சுட்டேண்ணே. இவரு குரல் அதுலதான் இருந்துச்சு.”

பின்னால் கழுத்தில் கட்டுடன் ஒருவர். மகளின் செல்லப் பெயரைக் கோபமாக, கொஞ்சலாக, தூக்கக் கலக்கத்தில் என்று பல விதமாக அழைத்துப் பதிந்துவைத்தவர். அதை வாங்கிப்போக வந்திருந்தார்.

“அழாதம்மா, நகல் இருக்கு” என்று உட்கார்ந்த ‘ரெண்டு மணி’, கடிகாரத்தைப் பார்த்ததும் வெளிறிப்போனார். இங்கே அழிந்தது இரண்டு மணிக்கு அங்கேயும் அழிந்துவிடும். ஸ்கிரிப்டை அப்படித்தான் எழுதியிருந்தார். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அது உறைக்கவில்லை.

“அடப்பாவி” என்று தன்னையே திட்டிக்கொண்டார். பாஸ்வேர்டு இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை உள்ளே போய் ஸ்கிரிப்டை நிறுத்தியபோது மீதமிருந்தது ஒரு நிமிடம்.

நகலிலிருந்து ஃபோல்டர் திரும்பி வந்தது. கட்டுப் போட்டவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். தன் குரலோடு சேர்ந்து அவருடைய உதடுகளும் அசைந்தன. பிறகு குறிப்பேட்டில் ‘உங்களுக்குப் புண்ணியமாப் போகும்’ என்று எழுதி நீட்டினார்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் ‘ரெண்டு மணி’ குறிப்பேட்டை வாங்கி, அந்த வரிக்குக் கீழே மெதுவாக எழுதினார்: ‘தப்பு என்னோடது.’