சகலையின் வகுப்பும் என் பிடியும்

என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், பட்டாளத்தில் இருந்தபோது கராத்தேயில் கறுப்பு பெல்ட் வாங்கியவர். செம்மேட்டில் இது தெரியாதவர்கள் கிடையாது. எனக்குச் சிலம்பம் தெரியும் என்பது யார் யாருக்குத் தெரியும் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். நான், என் மனைவி, முள்ளுக்குறிச்சியில் என்னோடு கம்பு பழகி இன்னும் உயிரோடிருக்கும் ஒருவர். மொத்தம் மூன்று பேர். அந்த மூன்றாமவருக்கும் இப்போது ஞாபகம் சரியில்லை.

லீவு நாட்களில் மலைக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டுச் சாலையோரம் நின்று பெண்களிடம் வம்பு பண்ணுவது அதிகமாகிப் போனது. மகளிர் குழுவினர் கூடிப் பேசி, தற்காப்புக்கு ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அவர்களில் நாலு பேர் பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். என் வீட்டைத் தாண்டித்தான் சகலை வீட்டுக்குப் போனார்கள். என் வாசலில் நின்று, "சாருங்க, கராத்தே ஐயா ஊட்ல இருக்காருங்களா?" என்று வேறு கேட்டார்கள்.

முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் என் மனைவி. அவளுக்கு அறுபத்து மூன்று வயது.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. மலையடிவாரத்தில், காரவள்ளியில், எங்கள் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. வாரம் ஒருமுறை கீழே போய்வர வேண்டும் என்றாள். தோட்ட வேலை முடித்துப் போவதென்றால் சாயங்கால பஸ்தான். அந்த பஸ்ஸில் கூட்டமும் இருக்கும், குடிகாரர்களும் இருப்பார்கள். நானும் துணைக்குப் போவேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இருபதைத் தாண்டுவதற்குள் எனக்கு வயிற்றைப் புரட்டிவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு நான் ஜன்னல் வழியே தலையை நீட்ட, அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பாள்.

"யாருக்கு யாருங்க தொணை?" என்று கேட்டாள். "நானே தனியாப் போயிக்கறேன்."

"என் பிடியிலிருந்து உன் கையை விடுவித்துக் காட்டு. அன்றைக்கே தனியாகப் போ" என்றேன். என் பிடியை எனக்குத் தெரியும். சகலையின் பாடத்தையும் தெரியும் என்று நினைத்தேன்.

வகுப்பு மகளிர் குழுக் கட்டடத்தில் நடந்தது. நானும் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். பதினொரு பெண்கள். சகலை வெள்ளை உடுப்பில் வந்து நிற்பார். வயிறு கொஞ்சமும் இல்லை. அதைப் பார்த்தாலே எனக்கு எரியும்.

அவர் கற்றுக்கொடுத்ததை ஒவ்வொன்றாக எடை போட்டேன். இடுப்பு உயரத்துக்கு உதைப்பது: சேலை கட்டியவளுக்கு முழங்கால் உயரமே தாண்டாது, மழை பெய்த மண்ணில் உதைத்தவள்தான் விழுவாள். உள்ளங்கை விளிம்பால் கழுத்தில் வெட்டுவது: வந்திருந்தவர்களில் ஏழு பேருக்குக் கை எட்டாது. விரலிடுக்கில் சாவியை வைத்துக் குத்துவது: எங்கள் மலையில் யார் சாவிக்கொத்தோடு அலைகிறார்கள்? குடையால் வயிற்றில் குத்துவது மட்டும் நன்றாக இருந்தது. மழைக்காலம் முழுக்கக் கையில் இருக்கும் பொருள். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கம்பு இதைவிட மேல் என்று வாதாட ஆசைதான். ஆனால் கணக்கு என்றால் கணக்கு. நெற்றி உயரக் கம்பைச் சுழற்ற, சுற்றிலும் ஓர் ஆள் நீளத்துக்கு வெற்றிடம் வேண்டும். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒருமுறை வீசிப் பார்த்தேன். மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடி அறுந்து கொத்துக் கொத்தாகக் கீழே விழுந்தது. பஸ்ஸில் எடுத்துப் போனபோது, "இதுக்கு லக்கேஜ் போடட்டுங்களா?" என்று கண்டக்டர் கேட்டார். மிளகு காயவைக்கும் களத்தில் மட்டும்தான் தாராளமாகச் சுற்ற முடிகிறது. எதிரி அங்கே வரச் சம்மதிக்க வேண்டும்.

மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ளும் பாடம் வந்தது. பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகக் கையைத் திருப்பி உருவ வேண்டும். பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துப் பழகினார்கள். எல்லாருக்கும் வந்தது. சிரிப்பும் கைதட்டலுமாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் பிழை பிடிபட்டது. ஊர் நடுவில் ஓர் ஆண் அடுத்தவன் பெண்சாதியின் கையைப் பிடிப்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். வாத்தியாரே ஆனாலும் சகலை மூன்றடி தள்ளி நின்று தன் கையைத் தானே பிடித்துக் காட்டினார். பெண்களோ, பக்கத்து வீட்டுக்காரிக்கு வலிக்குமே என்று வளையல்கூட அசையாத அளவுக்குத் தொட்டுக்கொண்டார்கள். அப்படிப் பிடித்தால் ஆட்டுக்குட்டிகூட உருவிக்கொண்டு போய்விடும்.

"இப்படியா பிடிப்பான் குடிகாரன்?" என்றேன் நாற்காலியிலிருந்து.

"அண்ணா சொல்றதும் சரிதானுங்க" என்றார் சகலை. எனக்குக் கோபம் வருகிற அளவுக்கு மரியாதையாகச் சொன்னார். "அக்கா கையைப் பிடிக்கற உரிமை இங்க உங்களுக்கு மட்டுந்தான். வந்து பிடிச்சுக் காட்டுங்க."

எழுந்து போய்ப் பிடித்தேன். நாற்பது வருடம் கம்பு நழுவாத கை. சுண்டுவிரலில் தொடங்கி இறுக்குவது எங்கள் முறை. அவள் திருப்பினாள், உருவினாள், இரண்டு காலையும் ஊன்றி இழுத்தாள். வரவில்லை.

"கைய உடுங்க" என்றாள் மெல்ல.

பின்வரிசையில் ஒருத்தி, "அப்ப இத்தன நாளு நாம கும்மியா அடிச்சிட்டிருந்தோம்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் பொங்கல் பொங்கியது. சகலையின் முகத்தைப் பார்த்தேன். அவர் என் மனைவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனச உட்றாதீங்கக்கா. நாளைக்குக் காலைல உங்க ஊட்டுக்கே வந்து, எங்க தப்புன்னு பொறுமையாச் சொல்லித் தாரேன்."

வீடு வரும்வரை அவள் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். எனக்கோ அந்த 'நாளைக்குக் காலை'தான் காதில் நின்றது. என் வீட்டுக்கு வந்து, என் களத்தில் நின்று, என் பிடியை எப்படி உடைப்பது என்று அவர் என் மனைவிக்குச் சொல்லித் தருவதா?

குடையை மாட்டியதும், "இங்கே வா" என்று களத்துக்குக் கூப்பிட்டேன்.

"எதுக்குங்க? மறுபடியும் புடிக்கறதுக்கா?"

"கையை நீட்டு. பிடுங்கக் கூடாது. நீ பின்னால் போனால் நானும் கூடவே வருவேன். முன்னால் வா. என் மேல் இடிக்கிற மாதிரி வா. உன் முழங்கையை என் முழங்கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டு, பிறகு கட்டைவிரல் பக்கம் திருப்பு. கையால் திருப்பாதே, இடுப்பால் திருப்பு."

கம்பைப் பறிக்க வருகிறவனிடம் செய்வதும் இதையேதான். முதலில் தடுமாறினாள். பிறகு என் நெஞ்சில் முட்டுகிற மாதிரி உள்ளே வந்து திரும்பினாள். என் விரல்கள் திறந்துகொண்டன. மறுபடி பிடித்தேன். மறுபடி போனாள். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடித்தேன். அப்போதும் போனாள்.

"பஸ்ஸுல பின்னால போக எடமே இருக்காதுங்க. இது தோதாத்தான் இருக்குது" என்றாள்.

"பார்த்தாயா? உன் கறுப்பு பெல்ட் இதைச் சொன்னாரா?"

அவள் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அப்ப வெள்ளிக்கெழம நான் மட்டும் போய்ட்டு வாரேன்."

சகலையை முந்த வேண்டும் என்ற அவசரத்தில் என் நிபந்தனையை நானே மறந்திருந்தேன். சொன்ன சொல்லை மாற்ற வழியில்லை. காலையில் வந்தவரைக் காப்பி கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த வகுப்பில் அவள் எல்லார் முன்னாலும் என் பிடியை உடைத்துக் காட்டினாள். பதினொருவரில் மற்ற பத்துப் பேரும் கைதட்டினார்கள், சகலையைப் பார்த்து! "கராத்தே ஐயா கெட்டிக்காரருங்க" என்றாள் அந்தக் கும்மிக்காரி. சொல்லித் தந்தது நான்தான் என்று என் மனைவி சொல்வாள் எனக் காத்திருந்தேன்.

"ஊட்ல இவரு புடிச்சுப் புடிச்சே பழகிப்போச்சு" என்றாள். நான் ஏதோ பழகுவதற்கு நட்டுவைத்த மரத்தூண் என்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமை செம்மேடு பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். நானும் உள்ளே ஏறி நின்று எண்ணினேன். ஆண்கள் இருபத்தாறு, பெண்கள் பதினாலு. அவள் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு பெண் வந்து உட்காரும்வரை இறங்க மனம் வரவில்லை.

"எறங்குங்க. வாந்தி எடுத்தா இன்னைக்குப் புடிக்க முடியாது, கைல பலகாரம் இருக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்து செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யாரும் அவள் மேல் கை வைத்துவிடக் கூடாது என்று குலதெய்வத்தை வேண்டினேன். ஒரே ஒருவன், தெம்பில்லாதவனாக, அடிவாரம் நெருங்கும்போது மணிக்கட்டைப் பிடித்தால் அது யாருடைய பாடம் என்று அவளுக்கு விளங்கும் என்றும் கூடவே தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகவே இருந்தன.

போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேனுங்க. பாப்பா தூங்குது."

"பஸ்ஸில் ஒன்றும் நடக்கவில்லையா?"

"இல்லீங்க."

"யாருமே ஒன்றும் பண்ணவில்லையா?"

"ஏனுங்க," என்றாள், "பண்ணோணும்னு இருந்தீங்களா?"