உப்பு கொடுத்து ஆள் பிடித்தவன்

1. சாக்கு வந்த நாள்

ஈப்போவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் கிடங்கில் சாக்குத் தைத்தே என் தலை நரைத்தது. கோணி ஊசி பிடித்த விரல் இப்போது நேராக நிமிராது. ஆனால் அந்த ஊசியை நான் முதலில் பிடித்தது ஈப்போவில் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில், பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர் லயத்தில் என் வீட்டு வாசலில். வீட்டில் உட்கார்ந்தபடியே வேலை, சாமான் வாசலுக்கே வரும் என்று யாராவது சொன்னால் இன்றும் நான் எழுந்து போய்விடுவேன். ஏன் என்று இளம்பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பர் வாங்க ஆளில்லாமல் பால்வெட்டு பாதி நின்றுபோனது. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. அதை எத்தனை விதமாகச் சமைத்தாலும் அது மரவள்ளிக் கிழங்குதான். உப்பைக் கண்ணால் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்தது. உப்பில்லாமல் அதைத் தின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அப்போதுதான் மாணிக்கம் என்பவர் சைக்கிளில் வந்தார். ஊர் காம்பார் என்றார். வெள்ளை வேட்டி, வெற்றிலை வாய், பெண்களையெல்லாம் அக்கா, தங்கச்சி என்று கூப்பிடும் பவ்யம். பின்னாலேயே ஒரு மாட்டு வண்டியில் கிழிந்த சாக்குகள் வந்தன.

“பொம்பளைங்க காட்டுக்குப் போவ வேணாம். வீட்டுலயே குந்திக்கிட்டு ஓட்டைய அடைச்சுக் குடுங்க. நானே வந்து எடுத்துக்கிறேன். கூலி அரிசியா வரும்.”

நான் கொஞ்சம் சந்தேகப் பிராணி. “அதுக்கு மொதல்ல நாங்க என்னாண்ணே குடுக்கணும்?” என்று கேட்டேன்.

“நீங்க குடுக்கிறதா? நான்தான்லா குடுக்கணும்!” என்று சிரித்தார். வீட்டுக்கு ஒரு சிரட்டை உப்பு அளந்து போட்டார். “இத முன்பணம்னு வச்சுக்கிங்க.”

கேட்கிறவனைத்தானே சந்தேகப்படுவோம்? கொடுக்கிறவனை யார் சந்தேகப்பட்டார்கள்?

2. முன்பணம்

தோட்டத்துச் சனங்களுக்கு முன்பணம் என்பது லேசான வார்த்தை இல்லை. எங்கள் அப்பா காலத்தில் கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்துத்தான் ஆட்களைக் கப்பலேற்றினார். வாங்கியவன் அவர் சொன்ன இடத்துக்குப் போக வேண்டும். வாங்கிவிட்டு ஏய்த்தவன் வீட்டுக்கு லயத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். இதெல்லாம் மாணிக்கத்துக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு உப்புப் போட்டுக் குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் காளியப்பன் ஒரு வாய் வைத்துவிட்டு, “ஒன் கையில ருசி இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது புள்ள” என்றார். அடிக்கக் கை ஓங்கினேன். இருவரும் வெகுநேரம் சிரித்தோம். அவர் சிரித்ததை நினைத்தால் அந்த நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சாக்கு மறுபடியும் வந்தது. உப்பும் வந்தது. அரிசிதான் வரவில்லை. “மொத்தமா வரும் தங்கச்சி” என்பார் மாணிக்கம்.

ஒருநாள் வந்த கட்டைப் பிரித்தால், நான் முன்பு தைத்த சாக்கு! ஒட்டுப் போட்டால் ஓரத்தில் ஒரு குறுக்குத் தையல் போடுவது என் வழக்கம். அந்தத் தையல் அப்படியே இருந்தது. பக்கத்தில் புதிதாக ஒரு கிழிசல்.

“எலி கடிச்சிருக்கும்” என்றார் காளியப்பன்.

“எலி கோடு போட்ட மாதிரியா கடிக்கும் மாமா? இது கத்தி.”

அக்கம்பக்கத்திலும் காட்டினேன். “உப்பு வருதுல்ல, சும்மா தையேன்” என்று சிரித்தார்கள். சாக்கு வியாபாரமே இல்லை, எங்களைக் கட்டிப்போடத்தான் சாக்கு என்று அப்போது யாருக்கு உறைத்தது?

3. பெரட்டு

ஒரு மத்தியானம் மாணிக்கம் லயத்து நடுவில் நின்று சத்தமாகச் சொன்னார். “சயாம்ல ரயில் ரோடு போடுறாங்க. மூணே மாசம். முன்பணம் வாங்குன வீட்டுல ஒரு ஆம்பளை போவணும். பொம்பளைங்களுக்கு இங்கயே சாக்கு வேல, ரேஷனும் வீட்டுக்கே வரும். நாளைக்குக் காலையில லோரி வரும். பெரட்டுக்கு வந்துருங்க.” விடியலில் பேர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் எண்ணுகிற கூட்டம்தான் பெரட்டு.

சயாம் போனவர்கள் யாரும் திரும்பவில்லை என்று அதற்குள் பேச்சு அடிபட்டிருந்தது. பக்கத்து வீட்டு மாரி ஓடி வந்தான். எனக்குத் தம்பி முறை.

“மச்சான், லாலாங் புல்லுக் காட்டத் தாண்டிட்டா எவனும் புடிக்க முடியாது. வாங்க, போயிறலாம்.”

“உப்பு வாங்கித் தின்னாச்சு மாரி. ஓடுனா நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பெரட்டுல நிப்பேன்?” என்றார் காளியப்பன்.

நான் அழுதேன், காலில் விழுந்தேன், திட்டினேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

காலையில் மிச்சமிருந்த உப்பைச் சிரட்டையோடு தூக்கிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். “அண்ணே, இந்தாங்க மிச்சம். தின்னதுக்கு நான் வருஷம் பூராவும் சும்மா தைக்கிறேன். அவர விட்டுருங்கண்ணே.”

அவர் சிரட்டையைத் தொடவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி, “தின்ன உப்பத் திருப்பித் தர முடியுமா தங்கச்சி?” என்றார். காளியப்பன் தலை கவிழ்ந்துவிட்டது. என்னைத் தாண்டிப் போய்த் தானாகவே லோரியில் ஏறினார். துப்பாக்கியோடு நின்ற ஜப்பான்காரன் ஒருவனும் அவரைத் தொடவில்லை. இழுத்துப் போயிருந்தால்கூட மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்திருக்கும்.

அதன் பிறகு சாக்கும் வரவில்லை, ரேஷனும் வரவில்லை, மாணிக்கமும் வரவில்லை. சண்டை முடிந்து, அதே லோரியில் போன ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். மழைக்காலத்தில் முகாமில் பேதி கண்டு காளியப்பன் செத்துப்போனார் என்றார். புதைத்த இடத்தைக் கேட்டேன். அவர் அழுதார்.

4. மாரி

ஈப்போவுக்கு வந்து கிடங்கில் சேர்ந்த பிறகு, புந்தோங் சந்தையில் மாரியைப் பார்த்தேன். பெண்டாட்டி பக்கத்தில், தோளில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. என்னைக் கண்டதும் அவனுக்கு முகம் செத்துவிட்டது.

“நானும் அந்த உப்பத் தின்னவன்தான்க்கா. மச்சான் போனாரு, நான் ஓடிட்டேன். நன்றி கெட்டவன்னு தோட்டமே துப்புச்சு.”

“நீ செஞ்சதுதான்டா சரி” என்றேன். சின்னதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். நல்ல கனம்.

வீட்டு வேலை தருகிறேன் என்று காசு கேட்பவனை நம்பாதே என்று எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது வேறு. வேலை தொடங்குமுன் அள்ளிக் கொடுப்பவனையும் நம்பாதீர்கள். நீங்கள் செய்து கொடுத்த சாமான் எங்கே போகிறது, யார் வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் மழுப்புகிறானா, விட்டுவிடுங்கள். ஐயோ, அவன் கொடுத்ததை வாங்கிவிட்டோமே என்று கூசாதீர்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றார்கள், சரிதான். தூண்டிலில் புழு வைத்தவனை மீன் நினைக்க வேண்டியதில்லை.

என் காளியப்பன் நாணயமானவர். தோட்டத்தில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பேரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஓடிவிடுங்கள், பிள்ளைகளே. பேர் கெட்டாலும் ஆள் வீட்டுக்கு வந்து சேரட்டும்.